லுக்அப் மேல் தப்பில்லை: ஜாவா ஆர்எம்ஐ-யில் சர்வீஸ் கிடைக்காதபோது எங்கே பார்ப்பது?

"லுக்அப் ஆகல." ஜாவாவில் எழுதிய ஒரு பயன்பாடு இரண்டு மூன்று கணினிகளில் பிரிந்து ஓடும் அலுவலகங்களில் இதை அடிக்கடி கேட்கலாம். ஒரு பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில் இருக்கும் சர்வீஸை அடையும் வழியைக் கேட்டு வாங்குவதுதான் லுக்அப். சர்வீஸின் பெயரை யாரோ தப்பாக அடித்திருந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஃபயர்வால் மறித்தாலும் இதுதான். சர்வர் செத்துக் கிடந்தாலும், ஜார் ஃபைலில் ஒரு கிளாஸ் விடுபட்டிருந்தாலும் இதே புகார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து, அந்தப் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியை நிறுத்தி மறுபடி ஓடவிடுகிறார்கள். அது அதுவரை ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

லுக்அப் மேல் பழி விழும் கோளாறுகளில் நிறைய, லுக்அப் நல்லபடியாக முடிந்த பிறகு நடப்பவை. எந்தப் படியில் தடங்கல் என்பது தெரிந்துவிட்டால் மீதி வேலை பெரும்பாலும் ஒரு வரி மாற்றம்தான். படிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஜாவா ஆர்எம்ஐ: ரிமோட் மெத்தட் இன்வொகேஷன், அதாவது தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்டின் மெத்தடைக் கூப்பிடும் வழி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வெளியிட்ட பழைய சரக்கு. ஆனாலும் இன்றைக்கும் ஜாவாவோடு கூடவே வருகிறது, நிறைய பழைய நிறுவன மென்பொருள்களின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைவிலிருந்து ஜாவா நிரலைக் கண்காணிக்கும் ஜேஎம்எக்ஸ் கூட வழக்கமாக இதன் மேல்தான் நிற்கிறது. ஜாவாவில் ஒரு கிளாஸும் ஒரு இன்டர்ஃபேஸும் எழுதத் தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

## டீக்கடையில் கிடைக்கும் சீட்டு

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து ஊரில் கைராசியான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று கேள்வி. அந்த ஊர் டீக்கடைக்குப் போன் போடுகிறீர்கள். "மோட்டார் மெக்கானிக்கா, இருங்க" என்று கடைக்காரர் மேசையறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, படம் பிடித்து அனுப்பிவைக்கிறார்.

அந்தச் சீட்டை எழுதியது கடைக்காரர் இல்லை. மெக்கானிக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கடைக்காரர் அதைப் படித்துக்கூடப் பார்த்ததில்லை. இந்தப் பெயருக்கு இந்தச் சீட்டு, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மெக்கானிக் இன்னும் அங்கே குடியிருக்கிறாரா, ஊரை விட்டே போய்விட்டாரா என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை.

சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "பிள்ளையார் கோயிலுக்குப் பின்வீடு." மெக்கானிக்கின் ஊர்க்காரருக்கு இது போதுமான விலாசம். நீங்கள் இருப்பது வேறு ஊர். உங்கள் ஊரிலும் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது, எந்த ஊரில்தான் இல்லை? சீட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் போய்க் கதவைத் தட்டுகிறீர்கள். மெக்கானிக்கா, அப்படி யாரும் இங்கே இல்லையே என்கிறார்கள். உடனே டீக்கடைக்காரரைத் திட்டுகிறீர்கள்.

கடைக்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். சீட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிழை, மெக்கானிக் தன் விலாசத்தை எழுதிய விதத்தில்.

## யார் யார், எது எது

ஒரு கிடங்கில் ஒரு கணினி, ஊருக்குள் கடையில் இன்னொரு கணினி என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஓடும் ஜாவா நிரலுக்குக் கிடங்கில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். கேட்கிற நிரல் க்ளையன்ட். பதில் சொல்கிற நிரல் சர்வர். ஒவ்வொன்றும் தனித்தனி ஜேவிஎம்-இல் ஓடுகிறது. ஜேவிஎம் என்பது ஜாவா நிரலை ஓட்டும் தனி ப்ராசஸ். கடை நிரல், கிடங்கு நிரலிலுள்ள ஒரு ஆப்ஜெக்டின் மெத்தடைத் தன் சொந்த ஆப்ஜெக்டைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டும். ஆர்எம்ஐ தருவது அதைத்தான்.

தொலைவிலிருந்து எந்தெந்த மெத்தடைக் கூப்பிடலாம் என்று சொல்லும் ஒப்பந்தம் ரிமோட் இன்டர்ஃபேஸ். இது இரண்டு பக்கமும் இருந்தாக வேண்டும். இதிலுள்ள ஒவ்வொரு மெத்தடும் ரிமோட்எக்செப்ஷன் வரலாம் என்று அறிவித்தாக வேண்டும் என்பது விதி. நடுவில் இருப்பது கம்பி. அது எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும், அதை நிரல் எழுதுகிறவர் மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டாயம். இந்த எக்செப்ஷனைப் பிடித்து, ஒன்றும் எழுதாமல் விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிரல்களில் கோளாறு தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

கிடங்கு சர்வர் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதை ஒரு டிசிபி போர்ட்டில், அதாவது நெட்வொர்க்கிலிருந்து கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட கதவு ஒன்றில், அழைப்புக்காகக் காத்திருக்க வைக்கிறது. இதற்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். எக்ஸ்போர்ட் செய்தவுடன் ஒரு ஸ்டப் பிறக்கிறது. மெக்கானிக் எழுதிய சீட்டு இதுதான். ஸ்டப் உள்ளே முக்கியமாக மூன்று தகவல்கள் இருக்கும்: சர்வரின் முகவரி, போர்ட் எண், அந்த ஆப்ஜெக்டுக்கான அடையாள எண்.

டீக்கடைக்காரர் இடத்தில் இருப்பது ரெஜிஸ்ட்ரி. பெயர் ஒரு பக்கம், ஸ்டப் மறுபக்கம் என்று ஒரு அட்டவணை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வழக்கமாக 1099 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். சர்வர் தன் ஸ்டப்பை "சரக்கு" என்ற பெயரில் அங்கே பதிவது பைண்ட். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பைண்ட் மறுத்துவிடும். ரீபைண்ட் என்றால் பழையதை அழித்துவிட்டுப் பதியும். க்ளையன்ட் பெயரைச் சொல்லி ஸ்டப்பை வாங்குவதுதான் லுக்அப்.

பழைய புத்தகங்களில் ஆர்எம்ஐசி என்ற கருவியை ஓட்டி ஸ்டப் கிளாஸ் தயாரிக்கச் சொல்லியிருப்பார்கள். 2004-இல் வந்த ஜாவா 5-இலிருந்து ஸ்டப் ஓட்டத்தின்போதே தானாக உருவாகிறது. ஜேடிகே 15-இல் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம்.

## ஒரு அழைப்பு, இரண்டு பயணம்

க்ளையன்ட் பக்கத்தில் சேர்ந்தாற்போல மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி, லோகேட்ரெஜிஸ்ட்ரி கிளாஸின் கெட்ரெஜிஸ்ட்ரி மெத்தடைக் கூப்பிட்டு, இந்த முகவரியில் இந்தப் போர்ட்டில் இருக்கும் ரெஜிஸ்ட்ரி வேண்டும் என்கிறது. இரண்டாவது வரி, "சரக்கு" என்ற பெயரை லுக்அப் செய்கிறது. மூன்றாவது வரி, கிடைத்த ஸ்டப்பின் மேல் மெத்தடைக் கூப்பிடுகிறது.

முதல் வரி நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. முகவரியைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த முகவரியில் ரெஜிஸ்ட்ரி இல்லாவிட்டாலும் இந்த வரி வெற்றியாகத்தான் முடியும். "ரெஜிஸ்ட்ரி கனெக்ட் ஆகுது, லுக்அப்தான் ஆகல" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரி எரர் இல்லாமல் கடந்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள். அது எதற்கும் சாட்சி இல்லை.

முதல் பயணம் இரண்டாவது வரியில் தொடங்குகிறது: க்ளையன்டிலிருந்து ரெஜிஸ்ட்ரிக்கு. இதற்கான முகவரியை நீங்கள் உங்கள் கையால் கொடுத்தீர்கள்.

இரண்டாவது பயணம் மூன்றாவது வரியில்: க்ளையன்டிலிருந்து நேராக சர்வர் ஆப்ஜெக்டுக்கு. இதில் ரெஜிஸ்ட்ரிக்கு வேலையே இல்லை. போகிற முகவரியும் நீங்கள் கொடுத்தது இல்லை. ஸ்டப்பில் சர்வர் எழுதி வைத்தது. ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். லுக்அப் முடிகிற தறுவாயில், "இந்த ஆப்ஜெக்டை நான் வைத்திருக்கிறேன், நினைவிலிருந்து அழித்துவிடாதே" என்று க்ளையன்ட் அந்த சர்வருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பப் பார்க்கும். அது போய்ச் சேராவிட்டாலும் லுக்அப் தோற்காது. ஆனால் தாமதமாகலாம். லுக்அப் வரியில் நிரல் வெகுநேரம் நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்தால், இரண்டாவது பயணத்தின் பாதையைச் சந்தேகப்படுங்கள்.

இதுவரை பார்த்தது: ரெஜிஸ்ட்ரி ஸ்டப்பைக் கொடுக்கும், சர்வரோடு இணைத்து வைக்காது. முதல் பயணத்தின் முகவரி உங்களுடையது, இரண்டாவது பயணத்தின் முகவரி சர்வருடையது.

## முதல் பயணம் தோற்றால்

எந்தப் பயணம் தோற்றது என்பதை எரரே சொல்லிவிடும். எரரின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாமல், ஸ்டாக் ட்ரேஸ் முழுவதையும் பாருங்கள். எரர் எந்தெந்த மெத்தட் வழியாக மேலே வந்தது என்ற பட்டியல்தான் ஸ்டாக் ட்ரேஸ். அதில் "ரெஜிஸ்ட்ரிஇம்ப்பிள்_ஸ்டப்" என்ற கிளாஸின் லுக்அப் மெத்தட் தெரிந்தால் முதல் பயணம். "ரிமோட்ஆப்ஜெக்ட்இன்வொகேஷன்ஹேண்ட்லர்" தெரிந்தால் இரண்டாவது. இந்த ஒரு பார்வைக்கு அரை நிமிடம் ஆகாது, பாதி விவாதம் முடிந்துவிடும்.

முதல் பயணம் என்று தெரிந்துவிட்டது. அதில் நாட்பவுண்ட்எக்செப்ஷன் வந்தால் அது நல்ல செய்தி. ரெஜிஸ்ட்ரி உயிரோடு இருக்கிறது, உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்கிறது. உண்மையான "லுக்அப் ஆகல" இது ஒன்றுதான். ரெஜிஸ்ட்ரியின் லிஸ்ட் மெத்தடைக் கூப்பிட்டால் அங்கே பதிந்திருக்கும் எல்லாப் பெயர்களும் வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பட்டியல் காலியாக இருந்தால், நீங்கள் பேசுவது வேறொரு ரெஜிஸ்ட்ரியோடு என்று அர்த்தமாக இருக்கலாம், அல்லது சர்வர் இன்னும் பைண்ட் செய்யவில்லை. சர்வர் எழுந்து நிற்பதற்குள் க்ளையன்ட் ஓடிவந்து கேட்டுவிடுவது சகஜம்.

கனெக்ட்எக்செப்ஷன் வந்தால் அது வேறு கதை. இங்கே ஆர்எம்ஐ ஒரு குறும்பு செய்கிறது. வெளி எரரில் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் டு ஹோஸ்ட்" என்று முகவரியோடு எழுதும். அதற்கு அடியில், நெஸ்டட் எக்செப்ஷன் என்று இன்னொரு எரர் இருக்கும். அதில் சில நேரம் "ரெஃப்யூஸ்ட்" என்றும், சில நேரம் "டைம்ட் அவுட்" என்றும் இருக்கும். வெளி வரி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும். உண்மை உள்ளே இருக்கிறது. ரெஃப்யூஸ்ட் என்றால் அந்தக் கணினி இருக்கிறது, பதிலும் சொல்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். டைம்ட் அவுட் என்றால் பதிலே வரவில்லை: நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது முகவரியில் அப்படி ஒரு கணினியே இல்லை. முன்னதற்கு சர்வர் பக்கம் போங்கள், பின்னதற்கு நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள்.

அன்நோன்ஹோஸ்ட்எக்செப்ஷன் பற்றிப் பேச அதிகம் இல்லை. கொடுத்த பெயரை ஐபி முகவரியாக மாற்ற முடியவில்லை. அந்த மாற்றத்தைச் செய்யும் டிஎன்எஸ்-ஐப் பாருங்கள்.

இன்னொன்று, இது சர்வர் பக்கத்துத் தொல்லை. ரெஜிஸ்ட்ரியை ஒரு கணினியில் வைத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து பைண்ட் செய்யப் பார்த்தால் ஆக்சஸ்எக்செப்ஷன் வரும். லுக்அப் எங்கிருந்தும் செய்யலாம், பதிவு மட்டும் ரெஜிஸ்ட்ரி இருக்கும் அதே கணினியிலிருந்துதான். இது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக வைத்த விதி.

## கோயிலுக்குப் பின்வீடு

இனி வருவதுதான் நிறைய பேரை அலைக்கழிக்கும் இடம்.

கடைக் கணினியில் க்ளையன்ட் ஓடுகிறது. கிடங்கு சர்வரின் முகவரி 192.168.1.20 என்று சரியாகக் கொடுத்தீர்கள். லுக்அப் வெற்றி. மெத்தடைக் கூப்பிட்டால் எரர்: கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட், ஹோஸ்ட் 127.0.0.1. நான் எங்கே 127.0.0.1 என்று கொடுத்தேன் என்று க்ளையன்ட் நிரல் முழுக்கத் தேடுகிறார்கள். அங்கே இருக்காது. அது ஸ்டப்பில் வந்தது.

127 என்று தொடங்கும் முகவரிகள் லூப்பேக் முகவரிகள். எந்தக் கணினியில் இருந்து கேட்டாலும் "நானே" என்று பொருள். கிடங்கு சர்வர் ஸ்டப்பை உருவாக்கும்போது, தன் முகவரி என்ன என்று இயங்குதளத்திடம் கேட்டது. இயங்குதளம், பெயருக்கு எதிரே முகவரி எழுதி வைத்திருக்கும் தன் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்த்து 127.0.0.1 என்று சொன்னது. சர்வர் அதை அப்படியே ஸ்டப்பில் எழுதிவிட்டது. கடையில் இருக்கும் க்ளையன்ட் அதைப் படித்ததும் "நானே" என்பது கடைக் கணினியாகிவிட்டது. தன் கதவைத் தானே தட்டிப் பார்க்கிறது, அங்கே யாரும் இல்லை. பிள்ளையார் கோயில் விலாசம்தான்.

டெபியன், உபுன்டு லினக்ஸ்களில் இது 127.0.1.1 என்ற உருவில் வரும். அங்கே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கணினியின் பெயருக்கு எதிரே இந்த முகவரியை எழுதி வைப்பது வழக்கம். எரரில் 127.0.1.1 கண்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குள் சர்வர் ஓடினால் 172.17 என்று தொடங்கும் முகவரியைப் பார்ப்பீர்கள். அது டாக்கர் ஓடும் கணினிக்கு வெளியே செல்லாத முகவரி. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள கணினி, விபிஎன் ஓடும் மடிக்கணினி, கிளவுடில் இருக்கும் சர்வர் எல்லாவற்றிலும் இதே சிக்கல் வெவ்வேறு எண்களில் தலைகாட்டும். வீட்டில் ஒரே கணினியில் சோதித்தபோது எல்லாம் ஓடியதற்கும் காரணம் இதுதான். அங்கே "நானே" என்பது இருவருக்கும் பொருந்திவிட்டது.

தீர்வு ஒரு வரி. சர்வரை ஓடவிடும் கட்டளையில் ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியைக் கொடுத்து, க்ளையன்டுகளுக்கு எட்டக்கூடிய முகவரியை அதற்கு மதிப்பாகக் கொடுங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டி என்பது ஜேவிஎம்-க்கு வெளியிலிருந்து கொடுக்கும் ஒரு அமைப்பு மதிப்பு.

ஒரு வரிதான், ஆனால் அதிலும் தவறு செய்ய வழி உண்டு. முதலாவது, இதை க்ளையன்ட் பக்கம் கொடுப்பது. எரர் க்ளையன்டில் தெரிவதால் கை அங்கேதான் போகிறது. சீட்டு எழுதுகிறவர் சர்வர், அவரிடம்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, நிரலுக்குள்ளேயே இதை அமைப்பது, ஆனால் எக்ஸ்போர்ட் நடந்த பிறகு. எழுதி முடித்த சீட்டு மாறாது. கட்டளை வரியிலேயே கொடுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. மூன்றாவது, இது சர்வர் எந்த நெட்வொர்க் கார்டில் காத்திருக்கும் என்பதை மாற்றும் என்று நினைப்பது. மாற்றாது. சர்வர் வழக்கம்போல எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும். ஸ்டப்பில் எழுதும் முகவரி மட்டுமே மாறும்.

உள் நெட்வொர்க்கிலிருந்தும் வெளியிலிருந்தும் க்ளையன்டுகள் வருகிறார்கள் என்றால் ஐபி எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயர் உள்ளே உள் முகவரியாகவும் வெளியே வெளி முகவரியாகவும் மாறும்படி டிஎன்எஸ்-ஐ அமைத்துவிட்டால் ஒரே ஸ்டப் இருவருக்கும் உதவும்.

ஸ்டப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை, நேரிலேயே பார்க்கலாம். க்ளையன்டில் லுக்அப் செய்தவுடன், மெத்தடைக் கூப்பிடுவதற்கு முன், கிடைத்த ஆப்ஜெக்டை அப்படியே திரையில் அச்சிடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதன் நடுவில் "எண்ட்பாயிண்ட்" என்ற சொல்லை அடுத்து முகவரியும் போர்ட் எண்ணும் இருக்கும். இந்தச் சிக்கலில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள தந்திரம் கிடையாது. ஆச்சரியம், இதை யாரும் செய்வதில்லை.

சுருக்கமாக: எரரில் இருக்கும் முகவரி நீங்கள் கொடுத்த முகவரி இல்லை என்றால், அது ஸ்டப்பிலிருந்து வந்தது. சர்வரின் ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டியைச் சரிசெய்யுங்கள்.

## 1099 மட்டும் திறந்தால் போதாது

முகவரி சரியாகிவிட்டது, இப்போது டைம்ட் அவுட். ஃபயர்வாலில் 1099-ஐத் திறந்தாயிற்றே என்கிறார்கள். திறந்தது ரெஜிஸ்ட்ரிக்கான போர்ட். சர்வர் ஆப்ஜெக்ட் வேறொரு போர்ட்டில் காத்திருக்கிறது.

எக்ஸ்போர்ட் செய்யும்போது போர்ட் எண்ணாக 0 கொடுத்தால், அல்லது எண்ணே கொடுக்காவிட்டால், அப்போதைக்குக் காலியாக இருக்கும் ஏதோ ஒரு போர்ட்டை இயங்குதளம் ஒதுக்கும். சர்வரை மறுபடி ஓடவிட்டால் அது வேறு எண்ணாகிவிடும். ஃபயர்வால் பார்த்துக்கொள்பவர் எந்த எண்ணைத் திறப்பார்? இணையத்தில் கிடைக்கும் முதல் பாட உதாரணங்களில் பெரும்பாலும் இந்த 0-தான் இருக்கும். ஒரே கணினியில் கற்றுக்கொள்ளும்போது அது போதும். அதை அப்படியே நகலெடுத்து நிறுவனத்தில் ஓடவிடும்போதுதான் வினை.

எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் ஒரு நிலையான எண்ணைக் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியையும் சர்வரின் ஜேவிஎம்-இலேயே கிரியேட்ரெஜிஸ்ட்ரி மெத்தட் மூலம் உருவாக்கினால், சாதாரண அமைப்பில் ஆப்ஜெக்டையும் அதே 1099-இலேயே எக்ஸ்போர்ட் செய்யலாம். ஃபயர்வாலில் ஒரே ஒரு ஓட்டை போதும். டாக்கர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. உள்ளே 1100, வெளியே 5000 என்று போர்ட்டை மாற்றி இணைக்காதீர்கள். ஸ்டப்பில் உள்ளே இருக்கும் எண்ணே எழுதப்படும். க்ளையன்ட் வெளியிலிருந்து அந்த எண்ணைத்தான் தேடும். உள்ளும் புறமும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

ஜேஎம்எக்ஸ் வைத்துத் தொலைவிலிருந்து கண்காணிக்கப் பார்த்துத் தோற்றவர்கள் இந்த வியாதியை ஏற்கெனவே அனுபவித்திருப்பார்கள். அங்கே ஜேஎம்எக்ஸ்ரிமோட்.போர்ட் என்ற அமைப்பு ரெஜிஸ்ட்ரிக்கானது. ஆப்ஜெக்டுக்கான போர்ட்டை ஜேஎம்எக்ஸ்ரிமோட்.ஆர்எம்ஐ.போர்ட் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்துவிட்டு, ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டியையும் சேர்த்தால் வேலை முடிந்தது.

போர்ட்டைத் திறக்கிறேன் பேர்வழி என்று 1099-ஐ உலகத்துக்கே திறந்து வைத்துவிடாதீர்கள். ஆர்எம்ஐ ஜாவா ஆப்ஜெக்டுகளை பைட்டுகளாக அனுப்பி மறுபக்கம் ஆப்ஜெக்டாக்குகிறது. தீய நோக்கோடு அனுப்பிய பைட்டுகள் சர்வருக்குள் வேண்டாத நிரலை ஓட்டிய தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. ஜேடிகே 9-இல் இதற்கு வடிகட்டி சேர்த்து, பழைய பதிப்புகளின் புதுப்பிப்புகளிலும் கொடுத்தார்கள். வடிகட்டி இருந்தாலும், தேவைப்படும் கணினிகளுக்கு மட்டும் திறப்பதே முறை.

## கிளாஸ் இல்லை என்றால், யாரிடம் இல்லை?

ஸ்டப் க்ளையன்டுக்கு வந்து சேர்ந்தாலும், அதை ஆப்ஜெக்டாக்க ரிமோட் இன்டர்ஃபேஸ் க்ளையன்டிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்மார்ஷல்எக்செப்ஷன் வரும், உள்ளே கிளாஸ்நாட்ஃபவுண்ட் இருக்கும். இதில் சிக்கலான ஒரு வகை உண்டு. சர்வர் பைண்ட் செய்யும்போதே இந்த எரர் வரும். கிளாஸ் சர்வரிடம் கண்ணெதிரே இருக்கும். ஆனால் இல்லை என்று சொன்னது சர்வர் இல்லை, தனி ப்ராசஸாக ஓடும் ரெஜிஸ்ட்ரி. அதுவும் ஒரு ஜேவிஎம். அதற்கும் அந்த இன்டர்ஃபேஸ் தெரிய வேண்டும். வெளி எரர் சர்வர்எக்செப்ஷன் என்றிருந்தால், எரர் மறுமுனையில் நடந்தது என்று படிக்கப் பழகுங்கள். ரெஜிஸ்ட்ரியை சர்வருக்குள்ளேயே உருவாக்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வந்தால், க்ளையன்டில் இன்டர்ஃபேஸாக மாற்றாமல் சர்வரின் கிளாஸாக மாற்றப் பார்த்திருக்கிறீர்கள். வந்தது ஸ்டப், மெக்கானிக்கே நேரில் வரவில்லை. இன்டர்ஃபேஸை இரண்டு பக்கமும் கையால் நகலெடுத்து, ஒரு பக்கம் பேக்கேஜ் பெயரை மாற்றிவிட்டாலும் ஜாவாவுக்கு அவை இரண்டு வேறு இன்டர்ஃபேஸ்கள். ஒரே ஜாரை இரண்டு பக்கமும் கொடுங்கள்.

## சர்வர் போயும் சீட்டு போகாதபோது

ரெஜிஸ்ட்ரி தனி ப்ராசஸாக ஓடுகிறது, சர்வர் விழுந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரிக்கு அது தெரியாது. ஸ்டப் அட்டவணையில் அப்படியே இருக்கும், லுக்அப் ஜம்மென்று நடக்கும், மெத்தடைக் கூப்பிட்டால் ரெஃப்யூஸ்ட்.

சர்வர் மறுபடி எழுந்துவிட்டது, க்ளையன்ட் கையில் மட்டும் பழைய ஸ்டப் இருக்கிறது என்றால் வேறு எரர். போர்ட் நிலையான எண்ணாக இருந்தால் க்ளையன்ட் சரியான கதவுக்குப் போய்விடும். ஆனால் ஸ்டப்பில் உள்ள அடையாள எண் பழைய ஆப்ஜெக்டுக்கானது. அப்போது நோசச்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் வரும்: வீடு சரி, அந்த ஆள் இல்லை. தீர்வு, க்ளையன்ட் இந்த எரரைப் பிடித்து மறுபடி லுக்அப் செய்வது. ஸ்டப்பை ஒரு தடவை வாங்கி, மாதக்கணக்கில் வைத்திருக்கும் நிரல்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சர்வர் விழவே இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தபோதே இந்த எரர் வந்தது என்றால், சர்வர் பக்கத்தில் அந்த ஆப்ஜெக்டை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை, ஜாவாவின் நினைவகச் சுத்திகரிப்பு அதைத் துடைத்துவிட்டது என்பது வலுவான சந்தேகம். மெயின் மெத்தடுக்குள் உள்ளூர் மாறியில் உருவாக்கி, ஸ்டப்பை மட்டும் பைண்ட் செய்துவிட்டு விட்டால் இப்படி ஆகலாம். ஆப்ஜெக்டை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்துவிடுங்கள்.

## எந்த வரிசையில் பார்ப்பது

நான் பார்க்கும் வரிசை இதுதான். முதலில் ஸ்டாக் ட்ரேஸில் எந்தப் பயணம் என்று பார்ப்பேன். பிறகு எரரில் உள்ள முகவரி நான் கொடுத்ததுதானா என்று. பிறகு அடியிலுள்ள நெஸ்டட் எக்செப்ஷன். இதுவரை எந்தக் கட்டளையும் ஓட்டவில்லை, எதையும் ரீஸ்டார்ட் செய்யவில்லை, படித்தது மட்டும்தான். அடுத்து ஸ்டப்பை அச்சிட்டு, அதிலுள்ள முகவரிக்கும் போர்ட்டுக்கும் டெல்நெட் அல்லது நெட்கேட் என்ற கருவியை வைத்து, இணைப்பு கிடைக்கிறதா என்று தட்டிப் பார்ப்பேன். இதைக் க்ளையன்ட் இருக்கும் கணினியிலிருந்து செய்ய வேண்டும். சர்வர் கணினியில் உட்கார்ந்து தட்டிப் பார்த்துவிட்டு "எனக்குத் திறக்குதே" என்பது பயனற்ற சாட்சி, அங்கே 127.0.0.1 கூடத் திறக்கும்.

அதன் பிறகும் புரியாவிட்டால் சர்வரை ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.லாக்கால்ஸ் என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ என்று வைத்து ஓடவிடுங்கள். வரும் ஒவ்வொரு அழைப்பையும் சர்வர் எழுதிக் காட்டும். அழைப்பு வந்து சேரவில்லை என்றால் பாதையில் கோளாறு, வந்து சேர்ந்து எரர் ஆகிறது என்றால் உங்கள் நிரலில் கோளாறு.

## ஆர்எம்ஐ இல்லாத வீட்டிலும்

நாங்கள் ஆர்எம்ஐ பயன்படுத்துவதில்லை, நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் காஃப்கா, சர்வீஸ்களின் முகவரியைப் பதிந்து வைக்கும் யுரேகா என்று போய்விட்டோம் என்பவர்களுக்கும் இது ஆகும். காஃப்காவில் க்ளையன்ட் முதலில் ஒரு பூட்ஸ்ட்ராப் முகவரிக்குப் போகிறது. அங்கிருந்து, உண்மையில் பேச வேண்டிய சர்வர்களின் முகவரிகள் வருகின்றன. அந்த முகவரிகளை அட்வர்டைஸ்ட்.லிசனர்ஸ் என்ற அமைப்பில் சர்வரே சொல்லி வைத்திருக்கும். அதில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது "நானே", என்று விட்டுவிட்டால் முதல் இணைப்பு வெற்றி, அடுத்தது தோல்வி. அட்சரம் பிசகாமல் அதே கதை.

ஸ்பிரிங் கிளவுடில் யுரேகா பயன்படுத்தும்போது சர்வீஸ் தன் ஹோஸ்ட் பெயரைப் பதிந்துவிட, மற்ற கணினிகளுக்கு அந்தப் பெயர் தெரியாமல் விழிப்பதும் இதே வகைதான்; ஐபி முகவரியைப் பதியச் சொல்ல ப்ரிஃபர்-ஐபி-அட்ரஸ் என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு விஷயத்தில் யுரேகா ஆர்எம்ஐ ரெஜிஸ்ட்ரியை விடக் கெட்டிக்காரத்தனமானது. பதிந்த சர்வீஸ் வழக்கமாக 30 நொடிக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டும். 90 நொடி சத்தமில்லை என்றால் பெயரை நீக்கத் தகுதியானதாகக் கருதும். அதனால் விழுந்த சர்வரின் முகவரி கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், ஆர்எம்ஐ-யைப் போல நிரந்தரமாக இல்லை. சர்வரை நிறுத்திய அடுத்த நொடியே சோதித்துவிட்டு "பழைய முகவரியே வருது" என்று டிக்கெட் போடுவதற்கு முன், சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.